மூக்கு லஞ்சம் வாங்காது

என்னை முகர்ந்து பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பெண் வீட்டார்கூட ஜாதகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அறுபதுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். காஞ்சிபுரத்தில் ரோடு ஆபீஸில் நான் படம் வரைகிறவன். அவர் அதே ஆபீஸில் பாலங்களைக் கவனிக்கும் என்ஜினியர், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடியறையில் இடம் இருக்கிறது, பாதி வாடகை என்று சொல்லியனுப்பியிருந்தார். எங்கள் வீடு அடுத்த தெருவில்தான். ஆனால் வீட்டுக்குள்ளேயே பட்டுநூலை சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் வேகவைக்கும் அந்த வாடை எனக்குப் பிறந்ததிலிருந்தே ஆகாது. அதற்குப் பயந்துதான் தறிக்குழியில் இறங்காமல் பென்சில் பிடித்தேன். அதற்குப் பயந்துதான் சொந்த ஊரிலேயே வாடகை அறை தேடினேன். அப்படிப்பட்ட எனக்கு விதி பொறுக்கியெடுத்துக் கொடுத்த அறைக்கூட்டாளி அவர்.

பெட்டியோடு வாசலில் நின்ற என்னை "வா" என்றும் சொல்லவில்லை, "யாரு" என்றும் கேட்கவில்லை. கிட்டே வந்து, என் தோள்பட்டைக்கு மூக்கைக் கொண்டுவந்து, கோயில் யானை தேங்காய் மூடியைச் சோதிப்பதுபோல ஒரு இழுப்பு இழுத்தார்.

"காலையில நெய் தோச. பீடி சிகரெட் கெடையாது. சட்ட நேத்து போட்டது. சரி, உள்ள வாய்யா."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சட்டை மட்டும் முந்தாநாள் போட்டது. அதை நான் திருத்தப் போகவில்லை.

பார்வைக்கு மிகத் துப்புரவான மனிதர். இரண்டு வேளைக் குளியல், வெளுப்பு வேட்டி, வெட்டிய நகம். ஆனால் எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். வெற்றிலையை முகர்வார், ஃபைலை முகர்வார், சிமெண்டு மூட்டையை முகர்வார், காய்ந்துவிட்டது என்று சலவைக்காரர் சத்தியம் செய்யும் துணியை முகர்ந்து, "இன்னும் ஒரு வெயிலு காயணும்" என்று திருப்பிக் கொடுப்பார். கேட்டால், "கண்ணு லஞ்சம் வாங்கும்யா. மூக்கு வாங்காது" என்பார். எங்கள் ஆபீஸில் லஞ்சம் வாங்காத உறுப்பு ஒன்று உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸை ஒரு அக்கா நடத்தினாள். வாயில் வெற்றிலையும் கையில் கரண்டியுமாக அவள் நின்றால் கலெக்டர்கூட இரண்டாம் தடவை ரசம் கேட்கமாட்டார். அவள் எதிரிலேயே இவர் சோற்றை ஒரு கை அள்ளி மூக்குக்குக் கொண்டுபோவார்.

"இன்னா சார், சோத்த மோந்துக்கினே கீறீங்க. பூனைக்கா வெச்சேன்?"

"அரிசி நல்லாத்தான் இருக்குதுக்கா. பானைதான் நேத்து சரியா கழுவல."

"கழுவாத பானையில துன்னுட்டுத்தான இத்தினி பேரு உயிரோட கீறாங்கோ. நீங்களும் துன்னுங்க."

உண்பார். முகர்ந்தது முகர்ந்ததுதான், உண்பது உண்பதுதான். அவருக்கு இரண்டும் வேறு வேறு இலாகா. எனக்குத்தான் அதற்குப் பிறகு உள்ளே இறங்காது. அவரோடு இருந்த காலத்தில் நான் மெலிந்துபோனதை என் அம்மா காதல் என்று நினைத்துக் கவலைப்பட்டாள்.

ஒருதரம் அவரை அவர் வீட்டார் வாலாஜாவில் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். பெண் லட்சணமாக இருந்தது. காபி வந்தது. மாப்பிள்ளை டம்ளரை வாங்கினார். நான் மனசுக்குள் எல்லா தெய்வங்களையும் கூப்பிட்டேன். ஒரு தெய்வமும் வரவில்லை. சபை நடுவே டம்ளருக்குள் மூக்கை விட்டு, நிதானமாக ஒரு இழுப்பு இழுத்து, "நேத்து பாலு" என்றார். பெண்ணின் தகப்பனார் எழுந்து வாசல் விளக்கைப் போட்டார். பகல் பதினொரு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குப் புரிந்தது. "பொய் சொல்லியிருக்கலாமே சார்" என்று பஸ்ஸில் கேட்டேன். "பாலு பொய் சொல்லலையேய்யா" என்றார்.

இந்த மூக்கைத்தான் அரசாங்கம் கொண்டுபோய் வேகவதி ஆற்றில் விட்டது.

வேகவதி என்று பெயர் வைத்த மகான் அதை எந்த யுகத்தில் பார்த்தாரோ. எங்கள் காலத்தில் வருஷத்தில் பத்து மாசம் அது மணல். அந்த மணலில் ஊர்ச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சேர்ந்து வாய்க்கால்போல ஓடும், திங்களன்று சிவப்பாகவும் செவ்வாயன்று பச்சையாகவும். ஓரமெல்லாம் அறுந்த பட்டுநூலும் கந்தலும் சிக்கிக் கிடக்கும். விடிந்தும் விடியாமலும் ஊர் ஆண்கள் ஒருவருக்கொருவர் மரியாதையான தூரம் விட்டு, தியானத்தில் இருப்பவர்கள்போல மணல் நெடுக உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரம் கோயில் என்று சொல்லிக்கொள்ளும் ஊர். ஆயிரத்தொன்றாவது வழிபாடு ஆற்றில்தான்.

அந்த ஆற்றின் குறுக்கே, திருப்பருத்திக்குன்றம் பக்கம் போகிற பஸ்ஸுக்காக ஒரு பழைய பாலம். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டு. வருஷாவருஷம் தை மாசம் எங்கள் ஆபீஸிலிருந்து ஆள் போய், பாலத்துக் காலடியில் மணல் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று அளந்து, 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டு வருவார்கள். நானும் போயிருக்கிறேன். அதாவது கரையில் நின்றிருக்கிறேன்.

இவர் வந்த வருஷம் அந்த 'மாற்றமில்லை'யைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் முகம் சுளித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுகினதற்கெல்லாம் சுளிக்காத முகம்.

"ராத்திரி கன்னம் வெச்ச திருடன் காலையில குளிச்சிட்டு விபூதி பூசிக்கினு உக்காந்திருக்கறப்ப போயி பாத்துட்டு, நல்லவன்னு எழுதிட்டு வந்திருக்கீங்களேய்யா."

பிறகு விளக்கினார். வெள்ளம் பாலத்துக் காலில் மோதுகிறது. மோதின தண்ணீர் போக வழியில்லாமல் காலோடு ஒட்டிக் கீழே இறங்கி, சுழன்று, அடி மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகிறது. வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் குழி ஆழம். அப்போது அதை எவனும் பார்க்க முடியாது. வெள்ளம் வடிய வடிய, ஆறு தான் தோண்டின குழியைத் தானே மூடிவிடுகிறது. நாம் போகும்போது மணல் சமமாக, பாய் விரித்தாற்போல இருக்கும்.

"அப்ப எவ்ளோ ஆழம் தோண்டிச்சின்னு எப்டி சார் தெரியும்?"

"குழிய ஆறு எதால மூடும்? மேல இருந்து அடிச்சிக்கினு வர்றதாலதான?"

"ஆமா."

"மேல இருக்கறது நம்ம ஊரு. நம்ம ஊர்ல இருந்து இன்னாய்யா வரும்?"

நான் பதில் சொல்லவில்லை. கௌரவமான குடும்பம்.

"அது எவ்ளோ ஆழத்துக்கு நாறுதோ அவ்ளோ ஆழம் போன வெள்ளத்துல தோண்டியிருக்குது. அதுக்குக் கீழ சுத்த மணலு, ஆறு தொடாத மணலு. அவ்ளோதான் சூத்திரம்."

வெள்ளைக்காரன் எழுதின சூத்திரம் ஒன்று இருக்கிறது. மணல் பருமன், தண்ணீர் அளவு எல்லாம் போட்டுப் பெருக்கி வகுத்தால் விடை வரும். அதையும் அவர் போட்டுப் பார்ப்பார். ஆனால் வந்த விடையை இப்படித்தான் சரிபார்ப்பார். அந்த மாசியில், பாலத்துக் காலை ஒட்டிக் கிணற்று உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மணலில் இறக்கினார்கள். உள்ளே ஆள் இறங்கி மணலை வாரிக் கூடையில் மேலே அனுப்ப, கூடைக்கு ஒரு பிடி எடுத்து இவர் முகர்ந்தார். தஞ்சாவூர் மிராசுதார் சந்தனம் முகர்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல். அளவு நாடாவின் மறுமுனை என் கையில். நாடா எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்தில் நான் நின்றேன். காற்று திரும்பும்போதெல்லாம் நானும் திரும்பினேன்.

ஒன்றரை ஆள் ஆழத்தில் ஒரு பிடி மணலோடு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "இத மோந்து பாரேன். ஒண்ணுமே இல்ல. கோயில் பிரகாரம் மாதிரி இருக்குது."

"நீங்க சொன்னா சரி சார்."

பழைய வரைபடத்தின்படி பாலத்துக் காலின் அஸ்திவாரம் இரண்டு ஆள் ஆழம். போன வெள்ளம் சுமாரான வெள்ளம்தான். அதுவே ஒன்றரை ஆள் தோண்டியிருக்கிறது. பெரிதாக ஒன்று வந்தால் மீதி அரை ஆளும் போகும், கால் அந்தரத்தில் நிற்கும், மேலே பஸ் இருக்கும். காலைச் சுற்றிக் கருங்கல் கொட்ட வேண்டும் என்று எழுதினார். பங்குனி மாசத்தில் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஒரு தயாள குணம் வரும். கணக்கு முடிவதற்குள் எதையாவது செலவழித்தாக வேண்டும். அந்தத் தயாளத்தில் கல் வந்தது. லாரி லாரியாகக் கொட்டினார்கள். ஊர் ஜனங்களுக்கு ஏகப்பட்ட திருப்தி. பெண்கள் துணி துவைத்தார்கள். ஆண்களுக்கு விடிகாலையில் உயரமான ஆசனம் கிடைத்தது.

கார்த்திகையில் வெள்ளம் வந்தது. அந்த அளவு வெள்ளத்தை ஊரில் நடுத்தர வயசுக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. இவர் பாலத்தின் தலைப்பில் குடையோடு நின்று பஸ்ஸை மறித்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"இன்னா சார், பாலத்துக்கு ஜொரமா? மோந்து பாத்து சொல்லு, எப்ப எறங்கும்னு."

பஸ்ஸே சிரித்தது. அவர் நகரவில்லை. தண்ணீர் வடிகிறவரை பஸ் அக்கரைக்குப் போகவில்லை. அக்கரை ஜனங்கள் அவரை வைத வசவுகளில் சில எனக்கே புதிது.

பாலம் நின்றது. வெள்ளம் வடிந்தது. மணல் சமமாக, பாய் விரித்தாற்போல இருந்தது. கொட்டின கல்லில் ஒன்றுகூட இல்லை.

அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அடியில் மணல் போகப் போகக் கல் சரிந்து குழிக்குள் இறங்கிக் காலைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். அதற்குத்தான் கொட்டுவது. வேலை செய்த கல் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை செய்யவில்லை என்று பொருள். இதைத் துணி துவைக்கக் கல் இல்லாமல் போன ஊரிடம் போய் யார் சொல்வது?

கல்லை விற்றுவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஆற்காட்டில் மாடி வீடு எழும்புகிறதாம். வீட்டைப் பார்த்து வந்தவர்களே இருந்தார்கள். ஜன்னல் எத்தனை என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு. ஆபீஸில் அவரிடம் பென்சில் இரவல் வாங்குவதை நிறுத்தினார்கள். கல்லுக்கு எழுதின ஒவ்வொரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருந்த பெரிய அதிகாரி, அவரைப் பார்த்தால் பல்லி விழுந்ததுபோல விலகி நடந்தார். எனக்கு வாழ்க்கையில் எத்தனையோ வாடை குமட்டியிருக்கிறது. மனுஷ வாடை குமட்டினது அப்போதுதான்.

மெஸ் அக்கா ஒருத்திதான் நேரே கேட்டாள்.

"சார், கல்லெல்லாம் எங்க?"

"உள்ளதான்கா இருக்குது."

"எதுக்குள்ள?"

"ஆத்துக்குள்ள."

"அப்டித்தான் சொல்லுவாங்கோ" என்று ரசத்தை ஊற்றினாள். பிறகு இன்னொரு கரண்டியும் ஊற்றினாள். அவள் நம்பினாளா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மொட்டைப் பெட்டிஷன் போய், மெட்ராஸிலிருந்து விசாரணைக்கு ஆள் வருவதாகத் தாக்கீது வந்தது. கல் இல்லையென்றால் வேலை போகும். திருடன் என்ற பெயர் தங்கும். அந்த வாரம் ஒருநாள் இரவு மெஸ்ஸில் வைத்த பொரியல் ஊசிப்போயிருந்தது, எனக்கே தெரிந்தது. அவர் முகராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் இலையை மடித்து எழுப்பிக் கூட்டிவந்தேன்.

விசாரணை அதிகாரி மாசி மாசம் வந்தார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, செண்ட் போட்ட கைக்குட்டை. ஜீப்பைக் கரையில் நிறுத்தச் சொல்லி அதன் நிழலிலேயே நின்றுகொண்டார். ஊரில் பாதி வந்திருந்தது. பாலத்துக் காலை ஒட்டி மறுபடி உறைகள் இறங்கியிருந்தன. கூலியாள் ஒருவர் உள்ளே போய்விட்டு வந்து, "கல்லு கீதுங்க" என்றார்.

"கூலியாள் வார்த்தை எடுபடாது. கவர்மெண்ட் ஆள் ஒருத்தர் இறங்கிப் பார்த்துச் சொல்லணும்" என்றார் அதிகாரி. "குற்றம் சாட்டப்பட்டவர் தொடக்கூடாது." சுற்றிலும் பார்த்தார். ரோடு ஆபீஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் அந்த நிமிஷத்தில் வானத்தில் ஏதோ தெரிந்தது. எனக்கு மட்டும் தெரியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

"நீங்க என்ன வேலை?"

"படம் வரையறேன் சார்."

"இறங்குங்க."

நான் என் அறைக்கூட்டாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் பாலத்துக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன்.

உறைக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். ஒரு ஆள் ஆழம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மனுஷன் எவ்வளவு நேரம்தான் பிடிப்பான்? விட்டேன். இழுத்தேன். என் ஊர் முழுவதும் எனக்குள் வந்தது. போன வருஷத்து ஊர், வேகவைத்த பட்டு, அழுகின கந்தல், பெயர் சொல்லாத மற்றது எல்லாம். இடுப்பளவு கறுப்புத் தண்ணீர். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன், அதுவும் நான் நின்ற தண்ணீரிலேயே. அதற்குப் பிறகு ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. காலால் துழாவினேன். பாதத்தில் கல் தட்டியது. ஒன்றல்ல, சுற்றிலும். சின்னப் பலாக்காய் அளவில் ஒன்றைப் பிடுங்கிக் கயிற்றுக் கூடையில் வைத்தேன். மேலே போனது.

நான் ஏறி வந்தபோது எங்கள் ஆபீஸ் பியூன், மெட்ராஸ் துரைக்கு அசிங்கத்தைக் காட்டலாமா என்ற நல்லெண்ணத்தில், அந்தக் கல்லைக் குடத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்து, பூஜைத் தேங்காய்போல நீட்டிக்கொண்டிருந்தான். கருங்கல் பளபளவென்று இருந்தது. அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமல் பார்த்தார்.

"இது நேத்து லாரியில வந்த கல்லு மாதிரி இருக்கே. உறை இறக்கும்போதே உள்ள போட்டிருக்கலாம் இல்ல?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என்ஜினியர் முகத்தில் இரத்தமே இல்லை. அவர் வாழ்க்கையையே குடத்துத் தண்ணீரில் கழுவி ஊற்றியாகிவிட்டது.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. வீரம் என்று யாரும் எழுதவேண்டாம். அத்தனை வாந்தியும் வீணாயிற்றே என்கிற கோபம்தான். மறுபடி இறங்கினேன். இந்தத் தடவை மேலாகக் கிடந்ததை விட்டு, இரண்டு கல்லுக்கு நடுவே இறுகிக் கிடந்த ஒன்றை அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். கூடையில் அனுப்பவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். நேரே ஜீப்புக்கு நடந்தேன். கூட்டம் கோயில் தேருக்கு வழிவிடுவதைவிட வேகமாக வழிவிட்டது.

அதிகாரி பின்வாங்கினார். "கழுவிட்டு, கழுவிட்டு..."

"கழுவினா சாட்சி போயிடும் சார்" என்று ஜீப்பின் முன்சீட்டில், அவர் உட்கார்ந்து வந்த இடத்தில், வைத்தேன். கறுப்புச் சேறு சீட்டில் வழிந்தது. கல்லின் இடுக்கெல்லாம் நூல் சுற்றி நெரிந்து, பல்லில் சிக்கின நார்போல இறுகிக் கிடந்தது. மெஸ் அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அய்யே, இது வெங்காயத்தோலு கலரு."

"அதுக்கென்ன?" என்றார் அதிகாரி.

"இந்தத் தீவாளிக்குத்தான சார் வந்துச்சி இந்தக் கலரு. முந்தி ஏது? தெரு பூரா அதையேதான் தோய்ச்சாங்கோ. கார்த்தி வெள்ளத்துல அடிச்சிக்கினு வந்து சுத்தியிருக்குது. நேத்து போட்ட கல்லுக்கு யாரு சார் இப்டி சுத்துவாங்கோ, நெசவு போட்டாப்ல?"

அதிகாரி நூலைப் பார்த்தார். அவர் முகத்தில் எரிச்சலோடு ஒரு குடும்பக் கவலை ஓடியது. "எங்க வீட்டுலயும் அதான் வேணும்னு கேட்டு வாங்கியிருக்காங்க" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "எவ்வளவு ஆழத்துல?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்றே முக்கால் ஆள் சார். போன வருஷம் ஒன்றரை."

"அஸ்திவாரம்?"

"ரெண்டு."

கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. நின்றபடியே ஜீப் பானெட்டில் தாளை வைத்து, கல் இருக்கிறது, புகாரில் உண்மையில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஜீப்பின் பின்பக்கம் ஏறி, கூட வந்த மெட்ராஸ் பியூனோடு முட்டி இடிக்க உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார். முன்சீட்டில் கல் போயிற்று.

கூட்டம் கலைந்தது. ஒருத்தரும் என்ஜினியரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல நினைத்திருந்தாலும் நாங்கள் இருந்த இருப்பில் யாரும் கிட்டே வந்திருக்கமுடியாது. என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்ததில் அவர் வெளுப்பு வேட்டியும் என் சட்டையும் ஒரே நிறமாகியிருந்தன. பாலத்துக் காலின் வெளிமுனையில் இரண்டு பேரும் நின்றோம்.

"நாறுதாய்யா?" என்றார்.

"இல்ல சார்."

"பொய் சொல்லாத."

அப்போது அக்கரையிலிருந்து பஸ் வந்தது. திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஊருக்குள் வேலைக்கு வருகிற கூட்டம், படிக்கட்டு வரைக்கும். பாலத்தில் ஏறியதும் ஜன்னல் ஓரத்துக்காரர்கள் கீழே எங்களைப் பார்த்தார்கள். முந்தானைகளும் துண்டுகளும் மூக்குக்குப் போயின. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் "தூ" என்று துப்பினான். அது அவர் தோளில் விழுந்தது.

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. உள்ளங்கையைப் பாலத்துக் காலின்மேல் வைத்து, பஸ்ஸின் கடைசிச் சக்கரம் தாண்டுகிறவரை அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்தார்.

"அசையலய்யா" என்றார்.

எனக்கென்னவோ, துப்பின அந்த ஆள் தாண்டுகிற வரைக்கும் அது கொஞ்சம் அசைந்திருந்தால் தேவலை என்றுதான் இருந்தது.